நடைபாதையும் பூங்காவும்: எங்கள் பேட்டையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு குடியிருப்போர் நலச்சங்கத்தில் பதினோரு வருடமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறேன். மாதக் கூட்டமானாலும் வாட்ஸ்அப் குழுவானாலும் நடைபாதை, பூங்கா பற்றி அதே கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் சென்னையுடையவை. சட்டங்கள் தமிழ்நாட்டின் மற்ற ஊர்களுக்கும் பொருந்தும்.

எங்கள் தெரு நடைபாதை படுமோசம். எங்கிருந்து ஆரம்பிப்பது?

மனு எழுதுவதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். ஒரு அளவு டேப்பை எடுத்துக்கொண்டு நடங்கள். தனியாகப் போகாமல், முட்டிவலி உள்ள ஒரு பெரியவரையோ, தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளுகிறவரையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

நான் முதல்முறை அப்படி நடந்தது எதிர்வீட்டுப் பாட்டியோடு. தெருமுனையிலிருந்து ரேஷன் கடை வரை ஒரு நானூறு மீட்டர் இருக்கும். அதற்குள் பாட்டி பதினான்கு முறை நடைபாதையை விட்டு ரோட்டில் இறங்கினார். வீட்டு வாசல் சரிவுகளால் நான்கு முறை, நிறுத்தி வைத்த பைக்குகளால் மூன்று முறை, மின்சார பில்லர் பாக்ஸால் இரண்டு முறை. அப்புறம் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஒரு உடைந்த வடிகால் மூடி, ஒரு கொடிக்கம்பப் பீடம், யாரோ வீடு கட்டக் கொட்டிய ஜல்லி, ஒரு டீக்கடை பெஞ்ச். பதினைந்தாவது முறை அவர் ஏறவே இல்லை. "ரோட்டுலயே போயிடலாம்ப்பா. நடக்கிறது வலிக்கல, ஏறி ஏறி இறங்குறதுதான் வலிக்குது" என்றார்.

நடைபாதை இருந்தும் ஜனங்கள் ஏன் ரோட்டில் நடக்கிறார்கள் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை நான் இதுவரை கேட்டதில்லை. அதுவரை நாங்கள் கொடுத்த மனுக்களில் எல்லாம் "நடைபாதை சரியில்லை, ஆவன செய்யவும்" என்று ஒரே வரிதான் இருக்கும். அன்றைக்குப் பிறகு பதினான்கு வரி எழுதினோம். கதவு எண், போட்டோ, தடையின் அளவு எல்லாம் சேர்த்து. ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பான ஆள் வேறு என்பதும் அப்போதுதான் புரிந்தது.

நடைபாதை எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறதா?

இருக்கிறது. இந்தியச் சாலைப் பேராயம் 2012-இல் வெளியிட்ட ஐஆர்சி 103 என்ற வழிகாட்டுதல், நடக்கிறவருக்குத் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்கிறது. தலைக்கு மேலே 2.2 மீட்டர் வரை எதுவும் தொங்கக் கூடாது. கடைகள் நிறைந்த இடமானால் அகலம் 2.5 மீட்டர். ஓரக்கல்லின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, அதாவது ஒரு சாணுக்கும் குறைவு.

இங்கே ஒரு ஏமாற்று வேலை உண்டு. சுவரிலிருந்து ஓரக்கல் வரை அளந்து "ரெண்டு மீட்டர் இருக்கே சார்" என்பார்கள். நடுவில் மின்கம்பம் நின்றால் அது இரண்டு மீட்டர் ஆகாது. கம்பத்துக்கும் சுவருக்கும் நடுவே ஆள் நுழையும் இடம் எவ்வளவோ அதுதான் அகலம். டேப்பை அங்கே பிடித்துப் போட்டோ எடுங்கள்.

எல்லாத் தெருவிலும் 1.8 மீட்டர் கிடைக்காது. ஏழு மீட்டர் அகலமுள்ள உள்தெருவில் இரண்டு பக்கமும் நடைபாதை கேட்பது வீண். அங்கே வேகத்தடை போட்டு, வண்டி நிறுத்துவதை ஒரு பக்கத்துக்கு மட்டும் ஒதுக்கி, தெருவையே நடக்கத் தோதாக வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். இது என் சொந்தக் கருத்து. சங்கத்தில் பாதிப்பேர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

சில இடங்களில் நடைபாதை இடுப்பளவு உயரத்தில் இருக்கிறதே, ஏன்?

நாம் நடைபாதை என்று சொல்வது சென்னையின் பல தெருக்களில் உண்மையில் மழைநீர் வடிகாலின் மூடிதான். வடிகால் சுவர் எந்த மட்டத்தில் முடிகிறதோ அதுதான் நடைபாதையின் மட்டம். நடப்பதற்கென்று யாரும் அதை வரைந்திருக்க மாட்டார்கள்.

இதோடு சாலை போடும் கதையும் சேர்ந்துகொள்ளும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுத் தார் போட்டால் சாலை உயரும். உயர்ந்த சாலைக்கு ஏற்ப வடிகாலை உயர்த்துவார்கள், வீடுகள் பள்ளத்துக்குப் போகும். வீட்டுக்காரர் வாசலில் சரிவு கட்டி நடைபாதையை மறிப்பார். பாட்டி இறங்கிய நான்கு சரிவுகளும் இப்படி வந்தவைதான். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் எல்லாத் துறைகளுக்கும் உத்தரவிட்டிருக்கிறார். உங்கள் தெருவில் சாலை போடப்போகிறார்கள் என்று தெரிந்ததுமே "மில்லிங் (சுரண்டி எடுப்பது) உண்டா?" என்று கேளுங்கள். தார் வண்டி வந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

புகாரை யாரிடம் கொடுப்பது?

சாலை யாருடையது என்று முதலில் பாருங்கள். சென்னையில் உள்தெருக்களை மண்டல அலுவலகம் பார்க்கிறது. பேருந்து ஓடும் சாலைகளுக்கு மாநகராட்சியிலேயே தனித் துறை. சில பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையவை. பில்லர் பாக்ஸும் டிரான்ஸ்ஃபார்மரும் மின்வாரியத்துடையவை. பாதாளச் சாக்கடை மூடி குடிநீர் வாரியத்துடையது, மழைநீர் வடிகால் மூடி மாநகராட்சியுடையது. ரோட்டில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி கான்கிரீட் மூடிதான். பொதுவாக வட்டமாக, ரோட்டின் நடுவில் இருப்பது சாக்கடை. சதுரமாக, ஓரத்தில் இருப்பது வடிகால்.

மாநகராட்சிக்கு 1913 எண்ணில் கூப்பிடலாம், நம்ம சென்னை செயலியிலும் பதியலாம். புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், உங்கள் வார்டின் உதவிப் பொறியாளர் (ஏ.இ.) யார் என்று தெரிந்துகொள்வது. மாநகராட்சியில் 200 வார்டு. உங்கள் தெருவுக்கு ஒரே ஒரு ஏ.இ.தான் இருப்பார். அவரோடு சண்டை போட்டுவிட்டு மேலே போவதைவிட, ஒருநாள் காலையில் அவரையே கூட்டிக்கொண்டு நடப்பது எங்களுக்குப் பலன் தந்தது. வெயில் ஏறுவதற்கு முன்னால் கூப்பிடுங்கள்.

தள்ளுவண்டிக் கடைகளை எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

இதைக் கேட்பவர்கள் அதிகம், எனக்குக் கோபம் வருவதும் இந்தக் கேள்விக்குத்தான். எங்கள் பதினான்கு தடைகளில் ஒன்றுகூடத் தள்ளுவண்டி இல்லை. டீக்கடைக்காரர் போட்ட பெஞ்சும், நாம் நிறுத்தும் பைக்கும், நம் வீட்டுச் சரிவும்தான் பெரும்பகுதி.

சட்டமும் அவ்வளவு சுலபமாக விடாது. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழு அமைக்க வேண்டும். அதில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்று கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதற்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். எங்கே விற்கலாம், எங்கே கூடாது என்று பகுதி பிரிப்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. நாம் கேட்க வேண்டியது அதைத்தான்.

தவிர, ராத்திரி ஒன்பது மணிக்கு எங்கள் தெருமுனையில் விளக்கோடு ஆள் இருக்கும் ஒரே இடம் இட்லிக்கடை அக்காவின் வண்டிதான். டியூஷன் முடிந்து வரும் பெண் பிள்ளைகள் அந்தப் பக்கமாகத்தான் நடந்து வருகிறார்கள்.

பாண்டி பஜார் மாதிரி எங்கள் பகுதியிலும் செய்ய முடியாதா?

தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் திறந்த நடைபாதை வளாகம் ஸ்மார்ட் சிட்டி பணத்தில் வந்தது. அது ஒரு வணிகச் சாலை. உங்கள் குடியிருப்புத் தெருவுக்கு அந்த அளவு பணம் வராது, தேவையும் இல்லை. ஆனால் அங்கே நின்று பார்க்க ஒரு விஷயம் இருக்கிறது. வண்டி ஓடும் இடத்தைக் குறைத்துத்தான் நடக்கும் இடத்தை அகலப்படுத்தியிருக்கிறார்கள், கடைகளை இடித்து அல்ல. மோட்டார் இல்லாத போக்குவரத்துக்கான கொள்கை ஒன்றைச் சென்னை மாநகராட்சி 2014-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள்.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும், தடையில்லாத நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று சொல்லியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னது.

பைக்குகள் ஏறாமல் இருக்கக் கம்பம் நட்டால் போதுமா?

நெருக்கமாக நட்டால் பைக்கோடு சேர்த்து சக்கர நாற்காலியையும் நிறுத்திவிடுவீர்கள். நாற்காலி நுழையும் இடைவெளியில் ஸ்கூட்டரும் நுழையும், அதுதான் சிக்கல். எல்லா வழியையும் அடைக்க நினைக்காமல், நடைபாதை தொடர்ச்சியாக ஒரே மட்டத்தில் ஓடும்படி கேளுங்கள். குறுக்குத் தெரு வரும் இடத்தில் மட்டும் சரிவு. அந்தச் சரிவு 1-க்கு 12 என்ற கணக்கில் இருக்க வேண்டும், 15 சென்டிமீட்டர் ஏற 180 சென்டிமீட்டர் நீளம். இரண்டடியில் சறுக்குமரம் மாதிரி கட்டி வைத்தால் அது கணக்குக் காட்டத்தான் ஆகும்.

பார்வையற்றவர்களுக்கான மஞ்சள் ஓடுகளையும் கவனியுங்கள். கோடு கோடாக இருக்கும் ஓடு "போகலாம்" என்கிறது, புள்ளி புள்ளியாக இருப்பது "நில்" என்கிறது. அலங்காரத்துக்காக மாற்றிப் பதித்திருக்கும் இடங்களைப் பார்த்திருக்கிறேன். கோட்டு ஓடு நேராக ஒரு புங்க மரத்தில் போய் முட்டியது.

மரங்கள்தான் நடைபாதையை உடைக்கின்றன. வெட்டிவிட்டால்?

பொது இடத்து மரத்தை அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது, கிளையைக்கூட. வேர் உடைப்பதற்குப் பெரும்பாலும் நாமே காரணம். அடிமரம் வரை சிமென்ட் பூசினால் நீரும் காற்றும் தேடி வேர் மேலே வரத்தான் செய்யும். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் மண்ணாக விட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் டெல்லிக்கு உத்தரவிட்டது. அதே அளவை இங்கேயும் கேளுங்கள்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. எங்கள் தெருவில் விழுந்தவை குல்மோஹரும் இயல்வாகையும். புங்கமும் பூவரசும் நின்றன. புதிதாக நடும்போது வேம்பு, புங்கம், பூவரசு, மகிழம், புன்னை என்று கேளுங்கள்.

லேஅவுட்டில் பூங்கா என்று காட்டிய இடம் பூட்டிக் கிடக்கிறது. அது யாருடையது?

இதற்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இங்கேதான் இடம் கையைவிட்டுப் போகிறது.

தமிழ்நாட்டில் 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்பது இதைத்தான். 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். அதற்கு மேல் போனால் நிலமாகவே தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் கொடுத்தாக வேண்டும். கொடுத்த பிறகு மனை போட்டவருக்கு அதில் உரிமை இல்லை. உங்கள் சங்கத்துக்கும் இல்லை, இதைச் சொன்னால் சிலர் முகம் சுருங்கும். வேலி போட்டு "உறுப்பினர்களுக்கு மட்டும்" என்று பலகை மாட்ட முடியாது.

செய்ய வேண்டியது மூன்று. சென்னைப் பகுதியானால் சி.எம்.டி.ஏ. என்கிற சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திலும் மற்ற இடங்களில் நகர் ஊரமைப்புத் துறையிலும் அங்கீகரித்த லேஅவுட் வரைபடத்தின் நகல் வாங்குங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுத் தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் வருவாய்ப் பதிவில் நிலம் உள்ளாட்சியின் பெயருக்கு மாறியதா என்று பாருங்கள். பல இடங்களில் பத்திரம் இருக்கும், பட்டா மாறியிருக்காது. பதினைந்து வருடம் கழித்து மனை போட்டவரின் வாரிசு வந்து அதே இடத்தை விற்பது இந்த ஓட்டை வழியாகத்தான்.

பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 1959-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்த வழக்கில், 1991-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டை ரத்து செய்தது. வழக்குப் போட்டவர்கள் அந்தப் பகுதியில் குடியிருந்தவர்கள். மருத்துவமனை நல்ல காரியம்தானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. பூங்கா இடத்தில் கோயில், சங்கக் கட்டடம், தண்ணீர்த் தொட்டி என்று யாராவது கிளம்பினால் அந்தத் தீர்ப்பை நினைவுபடுத்துங்கள்.

பூங்காவில் என்னென்ன கேட்கலாம்?

குறைவாகக் கேளுங்கள். நீரூற்று, செயற்கை அருவி, சிமென்ட் யானை எல்லாம் திறப்பு விழாவுக்கு அழகு. ஆறு மாதத்தில் நீரூற்றுத் தொட்டி கொசுத்தொட்டி ஆகிவிடும். நிழல், வெளிச்சம், முதுகு சாய்க்கும் பெஞ்ச், தண்ணீரோடு ஒரு கழிப்பறை, மாலைக்கு ஒரு காவலாளி. இந்த ஐந்தும் இருந்தால் பூங்காவுக்குக் கூட்டம் தானாக வரும். கூழாங்கல் பதித்த பாதையும் எட்டுப் போட்டு நடக்கும் தளமும் இல்லாமல் நம் ஊரில் பூங்கா முடியாது, சரி, அதையும் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் தரை முழுக்க பேவர் பிளாக் போட விடாதீர்கள். மண் இருந்தால்தான் மழைநீர் இறங்கும். சென்னையில் இப்போது போடும் பஞ்சுப் பூங்காக்களின் அடிப்படையே அதுதான், நடுவில் பள்ளம் விட்டு மழைநீரைத் தேக்கி நிலத்துக்குள் இறக்குவது.

எங்கள் பூங்காவுக்குப் பெரிய பெண் பிள்ளைகள் வருவதே இல்லை. ஏன்?

வியன்னாவிலும் இதே கேள்வி வந்தது. 1990-களில் பூங்காக்களைக் கவனித்தவர்கள், ஒன்பது வயதுக்கு மேல் பெண் பிள்ளைகள் காணாமல் போவதைக் கண்டார்கள். ஒரே பெரிய திறந்த திடல் இருந்தால் அதைப் பையன்கள் பிடித்துக்கொள்கிறார்கள், பெண்கள் போட்டி போடாமல் விலகிவிடுகிறார்கள். திடலைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து, பாட்மின்டன், கைப்பந்துக்கும் இடம் விட்டு, பாதைகளும் வாசல்களும் வைத்ததும் அவர்கள் திரும்பி வந்தார்கள்.

எங்கள் பூங்காவில் பெரிய மாற்றம் செய்யப் பணமில்லை. மாலை ஐந்திலிருந்து ஆறரை வரை கிரிக்கெட் கிடையாது என்று ஒரு பலகை வைத்தோம், ஒரு பாட்மின்டன் வலை வாங்கிக் கட்டினோம். பையன்களிடம் வசவு வாங்கினேன். வலைக்கு இப்போது வரிசை நிற்கிறது, அந்தப் பையன்களும் அதில்தான் நிற்கிறார்கள்.

பணம் யார் தருவார்கள்?

மாமன்ற உறுப்பினரின் வார்டு நிதி, எம்.எல்.ஏ. தொகுதி நிதி, ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் உள்ள எம்.பி. நிதி என்று வழிகள் உண்டு. நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும். கட்டப் பணம் கிடைத்துவிடும். பராமரிக்கத்தான் கிடைக்காது. அதனால் திட்டத்தைக் கேட்கும்போதே தோட்டக்காரர் சம்பளம், விளக்கு மாற்றும் செலவு எந்தக் கணக்கில் வரும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

பகுதி சபைக் கூட்டத்துக்குப் போவதில் பிரயோசனம் உண்டா?

உண்டு, கூட்டமாகப் போனால். வார்டு குழு, பகுதி சபை விதிகள் 2022-இல் வந்தன. முதல் கூட்டங்கள் அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளில் நடந்தன. கிராம சபை மாதிரி நகரத்துக்கு. ஐந்து பேர் ஐந்து விஷயம் பேசினால் ஒன்றும் பதிவாகாது. ஐந்து பேரும் ஒரே வடிகால் மூடியைப் பற்றிப் பேசுங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் என்ன கேட்பது?

பத்து ரூபாய், 30 நாள். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள், அது தகவல் ஆகாது. பணி ஆணையின் நகல், எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தின் சம்பந்தப்பட்ட பக்கங்கள், ஒப்பந்ததாரரின் பழுதுநீக்கப் பொறுப்புக் காலம் எது வரை என்ற மூன்றையும் கேளுங்கள். அந்தக் காலத்துக்குள் கல் பெயர்ந்தால் அவர் தன் செலவில் சரி செய்ய வேண்டும்.

வேலை நடக்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

பேவர் பிளாக்கைப் பார்க்காதீர்கள், அதற்குக் கீழே பாருங்கள். ஜல்லிப் படுகை கொட்டி இடித்துக் கெட்டிப்படுத்தினார்களா, அதன் மேல் மணல் சீராகப் பரப்பினார்களா, இரண்டு ஓரமும் கல்லால் கட்டி இறுக்கினார்களா? வெறும் மண்ணில் அடுக்கிவிட்டுப் போனால் முதல் ஐப்பசி மழைக்கே அலை அலையாக ஆகிவிடும். எளிய சோதனை ஒன்று: ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் வீட்டுப் பக்கம் ஓடினால் சாய்மானம் தப்பு, அங்கேயே நின்றால் மட்டம் தப்பு. மேஸ்திரியிடம் காட்டினால் அப்போதே சரி செய்துவிடுவார், சிமென்ட் பூசிய பிறகு யாரும் தொட மாட்டார்கள். மேஸ்திரிக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் பேசுங்கள்.

எல்லாம் சரி, எவ்வளவு நாள் ஆகும்?

பாட்டியின் பட்டியலில் இருந்த உடைந்த மூடிக்கு ஏழு மாதம். மூன்றாவது மாதத்தில் "புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. போய்ப் பார்த்தால் ஓட்டைக்குள் யாரோ ஒரு மரக்கிளையைச் செருகி, அதில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். மறுபடி புகார், மறுபடி போட்டோ. பதினான்கில் இதுவரை ஒன்பது போயிருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் அப்படியே இருக்கிறது, அதைச் சுற்றி நடைபாதையை வளைத்துவிட்டார்கள். மீதி நான்கில் இரண்டு வாசல் சரிவுகள், அதில் ஒன்று எங்கள் சங்கத் தலைவர் வீட்டுடையது.